நிறுத்தும் வலிமை

வண்டியொன்றைக் காண்போர் அஃது எவ்வளவு விரைவாக ஓடும் என்று வினவுகின்றனர். எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று வினவுவோர் சிலரே. ஓட்டம் கண்ணைக் கவர்கின்றது. நிறுத்தம் உயிரைக் காக்கின்றது. படகு ஏற்றிய வண்டியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

குளத்தூரின் கடலோரமாகிய பொழியூரிலும், நெய்யாறு கடலொடு கலக்கும் பூவாறிலும் வள்ளமே பலர்க்கு வாழ்வாதாரம். அது பெரும்பாலும் மணலினின்றே தோள்வலியால் கடலில் தள்ளப்படும். சாலைவழி நெடுந்தூரம் செல்வது அரிது. ஆயினும் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தின்போது, திருவனந்தபுரம் மாவட்டத்து விழிஞ்சம், பூந்துறை முதலிய கரைகளினின்று மீனவர் தம் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர் முதலிய உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். மாநில முழுவதும் 600க்கும் மேற்பட்ட வள்ளங்கள் சென்று ஏறத்தாழ 65,000 மக்களை மீட்டன என்பது அரசின் கணக்கு. அத்துணிவை யாவரும் போற்றினர். நனைந்த சாலையில் அப்பாரத்தை இறக்கந்தோறும் தாங்கிய பிரேக்குகளை எவரும் நினைத்திலர். அவை பழுதுற்றிருப்பின் வள்ளமும் போய்ச் சேராது. கூரைமேல் காத்திருந்தோரும் பிழையார்.

லாரியில் ஏற்றுவது ஒரு முறை. காரின் பின்னே டிரெய்லரைப் பூட்டிப் படகை இழுத்துச் செல்வது மற்றொரு முறை. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற நம் இளைஞர் இதனைக் கண்டிருப்பர். இத்தகைய டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்குத் தானே இயங்கும். கார் வேகம் தணிகையில் பின்வரும் பாரம் முன்னோக்கித் தள்ளுகின்றது. அத்தள்ளுதலே இணைப்பிலுள்ள உருளையை அழுத்திப் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குச் செலுத்துகின்றது.

இது பழுதாவதற்குரிய காரணங்கள் மூன்று.

முதலாவது, உப்புநீர். படகை இறக்குவதற்காக டிரெய்லரை நீருக்குள் விடுகின்றனர். உப்புநீர் பிரேக் டிரம்முக்குள் புகுந்து துருவை விளைக்கின்றது. துருவேறிய பிரேக்குக் கட்டை, விட்ட பின்பும் விலகாது சக்கரத்தை உராய்ந்துகொண்டே வரும். டிரம் கொதிக்கும், கிரீஸ் உருகும், பேரிங் அழியும், இறுதியில் சக்கரமே கழன்றோடவும் கூடும்.

இரண்டாவது, பழைய பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 என்னும் வகை, புதிதாயின் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் கலந்தபின் அவ்வெல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்த எண்ணெயில் ஆவி தோன்றும். ஆவி அழுத்தினால் சுருங்குமாகலின், உருளையை அழுத்திய விசை சக்கரத்தைச் சென்றடையாது, டிரெய்லரின் பிரேக்குப் பிடியாது.

மூன்றாவது, பாரமும் வேகமும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை 60 ஆக்கினால், பிரேக்கு தாங்கவேண்டிய ஆற்றல் இருமடங்கன்று, நான்கு மடங்காகும். படகின் எடையை மட்டும் எண்ணுவோர், அதிலுள்ள எஞ்சின், எரிபொருள், ஐஸ், வலை ஆகியவற்றை மறந்துவிடுகின்றனர்.

இனிச் செய்யத்தக்கவை யாவை? புறப்படுமுன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். சிறிது தூரம் சென்றதும் நிறுத்தி, சக்கரங்களின் நடுப்பகுதியருகே கையைத் தொடாமல் நீட்டி வெப்பத்தை ஒப்பிடுக. ஒன்று மட்டும் மிகச் சூடாயிருப்பின் அங்கே பழுதுண்டு. வழியில் தீய்ந்த நாற்றமோ புகையோ எழுந்தால், கியரைக் குறைத்து மெல்ல ஓரங்கட்டுக. சக்கரத்தின் இருபுறமும் கட்டையிட்ட பின்னரே டிரெய்லரைக் கழற்றுக. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றற்க. இரும்பு விரிசல் காணும். கரையை அடைந்ததும், சக்கரம் ஆறும்வரை நீரில் இறக்கற்க. சூட்டோடு இறக்கினால் உட்காற்று சுருங்கி, பேரிங்கினுள் நீரை இழுத்துக்கொள்ளும். திரும்பிய பின் நன்னீரால் கழுவுக.

இவையெல்லாம் அரிய வித்தைகள் அல்ல. தடையாய் நிற்பது நம் மனமே. நாற்றம் எழுந்தபோது, "இன்னுஞ் சிறிது தூரந்தானே; நண்பர் காத்திருப்பரே; விடிந்தால் மீன் கிடைக்காதே" என்று அது கூறும். அச்சொல்லுக்குச் செவிசாய்த்த பின்னரே பல விபத்துகள் நேர்கின்றன. ஆலையில் புதிதாகச் சேர்ந்தவன் முதலில் அறியவேண்டியது, இயந்திரத்தை ஓட்டும் பிடியன்று, நிறுத்தும் பிடி. இதனை அறியாதவனருகில் நிற்கும் தொழிலாளிக்கே ஆபத்து.

சாலையிலும் அவ்வாறே. இறக்கத்தின் அடியில் பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தைக்கு நம் வண்டியின் பழுது தெரியாது. அது நமக்கு மட்டுமே தெரியும். ஆதலின் நிற்கவேண்டிய கடமையும் நம்முடையதே. ஒருநாள் மீன் தவறினால் மறுநாள் கிடைக்கும். தவறிய உயிர் மீளாது.