பட்டைக் கசாயமும் ஜீவாமிர்தமும் ஒரே டிரம்மில் வேண்டாம்

போன பட்டத்தில் ஒரு தப்பு செய்தேன். மருதம்பட்டையும் கருவேலம்பட்டையும் கிருமியைக் கொல்லும் என்று கேள்விப்பட்டு, கசாயம் காய்ச்சி ஜீவாமிர்த டிரம்மில் ஒரு குடம் ஊற்றிவிட்டேன். ஊட்டமும் ஆச்சு, மருந்தும் ஆச்சு என்று நினைப்பு. மூணு நாள் ஆகியும் நுரை கட்டவில்லை. புளிச்ச வாடையும் வரவில்லை. 200 லிட்டரும் வீண்.

ஏன் அப்படி ஆச்சு? பட்டைதான் மரத்தின் தோல். பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே நுழையாமல் இருக்க மரம் அதில் துவர்ப்பைச் சேர்த்து வைக்கிறது. அந்தத் துவர்ப்புப் பொருள்தான் டானின். இது புரதத்தைப் பிடித்து இறுக்கும். ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் அழுகாமல் பதமாவது இதனால்தான். பாக்டீரியாவின் புரதத்தையும் இப்படித்தான் முடக்குகிறது. அது வளரத் தேவையான இரும்பையும் கட்டிப்போடுகிறது. இரும்புச் சட்டியில் காய்ச்சினால் கசாயம் மை மாதிரி கறுக்குமே, அதுதான் அடையாளம்.

காற்றுப் பட்டு எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது இல்லையா? அந்த மாதிரிக் கேட்டைத் தடுக்கும் குணமும் இதற்கு உண்டு. ஆன்டி ஆக்சிடென்ட் என்பது இதைத்தான்.

ஆனால் டானினுக்கு நல்ல நுண்ணுயிர், கெட்ட நுண்ணுயிர் என்ற பேதம் தெரியாது. நான் போட்ட 2 கிலோ பயறு மாவின் புரதத்தையும் அது விட்டிருக்காது. அதனால் நான் இப்போது கடைப்பிடிப்பது:

1. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா, சூடோமோனாஸ், ரைசோபியம் எதோடும் பட்டைக் கசாயம் சேர்ப்பதில்லை. மண்ணிலும் ஊற்றுவதில்லை.

2. மாட்டின் மேல்காயம் கழுவ, மண்சட்டியில் காய்ச்சி ஆறவைத்து வடிகட்டிய கசாயம். ஆழமான புண், காய்ச்சல் என்றால் கால்நடை மருத்துவர்தான்.

3. ஆய்வகத் தட்டில் கிருமி செத்தால் வயலிலும் நோய் தீரும் என்று நம்புவதில்லை. நாலு செடியில் தெளித்துப் பார்த்த பிறகுதான் மற்றதற்கு.

முக்கியமானது ஒன்று. இலை சமைத்த உணவு பட்டையின் உள்பக்கம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் வளையமாக உரித்தால் வேர் பட்டினி கிடந்து மரம் செத்துவிடும். தென்பெண்ணைக் கரை மருதமரத்தை அப்படி இழக்கலாமா? ஆட்டுக்கு வெட்டிய கருவேலங்கிளையில் உரித்தால் போதும்.

அதைவிட நல்ல வழி, கடுக்காய். நமக்கு மேற்கே கல்வராயன் மலையில் மலைமக்கள் பொறுக்கி விற்கிறார்கள். மருதமும் கடுக்காயும் ஒரே குடும்பம். கொட்டை நீக்கிய கடுக்காயில் இதே டானின் நிறைய இருக்கு. காயை எடுத்தால் மரம் சாகாது. அடுத்த வருஷமும் காய்க்கும்.