கொழுந்து வண்டி எத்தனை மணிக்கு வருகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

பந்தலூர் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்த கையோடு மின்கட்டணத்தைக் குறைக்க வழி கேட்டிருக்கிறாய். புது இயந்திர யோசனை அப்புறம் இருக்கட்டும். முதலில் கடிகாரத்தைப் பார்.

2022 கட்டண உயர்வுக்குப் பிறகு உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்குக் காலை, மாலை உச்ச நேரங்களில் யூனிட்டுக்கு 25 விழுக்காடு கூடுதல். இரவு 10 முதல் காலை 5 மணி வரை 5 விழுக்காடு தள்ளுபடி. நள்ளிரவில் 95 ரூபாய்க்கு முடியும் வேலைக்குக் காலை உச்ச நேரத்தில் 125 ரூபாய்.

எல்லாவற்றையும் இரவுக்குத் தள்ளிவிடலாமே என்பாய். கொழுந்து விடாது. சிடிசி அரவை இயந்திரத்தில் அரைபட்டது புளிக்க ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்பின். அதற்குமேல் காத்திருக்காது, டிரையருக்குப் போயே தீர வேண்டும். நேரத்தை முன்பின் நகர்த்த இடமுள்ளது அரைக்குமுன் நடக்கும் வாட்டலில் மட்டுமே. அதற்கு 12 முதல் 16 மணி நேரம் ஆகும். பகல் ஒரு மணிக்கு வாட்டல் தொட்டியான ட்ரஃபில் பரப்பிய கொழுந்தை நள்ளிரவு தாண்டி அரைக்கலாம். மாலை ஐந்துக்கு வந்தது காலை உச்ச நேரத்தில்தான் சிடிசிக்கு வரும். ஆகவே உன் மின்கட்டணம் சிறு விவசாயிகள் கொழுந்து எடை போடும் சாலையோரத்திலேயே முடிவாகிவிடுகிறது. முதலில் பேச வேண்டியது எலக்ட்ரீஷியனிடம் அல்ல, வண்டி ஓட்டுநரிடம்.

ட்ரஃப் விசிறி மாலை உச்ச நேரத்திலும் ஓடத்தான் செய்யும். வேகத்தைக் குறைக்க வசதி இருந்தால் மேல் ஈரம் போனதும் குறைத்துவிடு. வேகம் 80 விழுக்காடானால் மின்சாரம் ஏறக்குறைய பாதிதான். மோட்டார்கள் எல்லாம் ஒருசேர ஓடும் நேரத்தையும் கவனி. மாதத்தின் உச்சத் தேவைக்குத் தனிக் கட்டணம் இருக்கிறது.

ஆனால் வாட்டலை அவசரப்படுத்தாதே. ஈரம் 75 விழுக்காடாக இருக்கும்போதே அரைத்தால், ஒரு கிலோ தூளுக்கு டிரையர் சுமார் 2.9 கிலோ தண்ணீரை விரட்ட வேண்டும். 70 ஆனபின் என்றால் 2.2 கிலோ. இந்த வித்தியாசம் முழுக்க விறகு.

தேவாலாப் பக்கம் ஆடி மழை பிடித்தால் கொழுந்து சொட்டச் சொட்ட வரும். அந்த வாரங்களில் இரவுத் தள்ளுபடியை மறந்துவிடு. ஈரத்தோடு அரைத்து டிரையரில் காயவிடுவதைவிட, பொழுது விடிந்தாலும் பரவாயில்லை என்று நன்றாக வாட்டி அரைப்பதே மலிவு. அந்த நாட்களுக்கான அட்டவணையைத் தனியாகப் போட்டு, உங்கள் டீ மேக்கரிடம் காட்டிவிட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா