பொது மேய்ச்சல் நிலத்தைக் காக்கும் முறை

வடக்கனந்தல் போன்ற கல்வராயன் மலையடிவார ஊர்களில், சொந்தத் தரையில்லாத குடிகளின் ஆடுமாடுகளுக்கு மேய்ச்சற் புறம்போக்கே பேராதரவாகும். அது பாழாயின் முதலிற் பட்டினி கிடப்பவை அவர்களுடைய கால்நடைகளே.

மழை பெய்தவுடன் மந்தைகளை ஓட்டிவிடுவது பெருந்தவறாகும். வேரூன்றுமுன் கடிபட்ட புல் விதை கட்டாது. அவ்விடத்தைக் களைகள் கவர்ந்துகொள்ளும். சீமைக் கருவேல நெற்றைத் தின்ற கால்நடைகளின் சாணத்தின் வழியே அதன் விதையும் எங்கும் பரவும்.

காங்கேயப் பகுதிக் குடியானவர்கள் தம் கொறங்காடுகளில் கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் வளர்த்து, பகுதி பகுதியாக மாற்றி மேய்க்கின்றனர். அவை தனியார் நிலங்கள். பொது நிலத்திலோ ஊர்க்கட்டுப்பாடே வேலியாதல் வேண்டும்.

ஆகையால் ஊரார் கூடிப் பின்வருமாறு செய்வது நலம்:

1. புறம்போக்கை எல்லைக்கல் நாட்டி நான்கு பங்காக்குக.

2. ஆவணி முதல் கார்த்திகை வரை ஒரு பங்கை முற்றும் மூடி, விதை உதிர்ந்தபின் திறக்க; ஆண்டுதோறும் பங்கை மாற்றுக.

3. வீட்டுக்கு இத்தனை உருப்படியென வரையறுக்க. பெருமந்தையுடையோர் வைக்கோலும் சோளத்தட்டும் சேமித்துக் குறையை ஈடுசெய்க.

4. ஆக்கிரமிப்பை உடனே வருவாய்த் துறையினருக்கு அறிவிக்க. கிராமப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு 2011-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குப் பணித்துள்ளது.

ஒரு பங்கை இன்று மூடிவைத்தல் மாசி, பங்குனி வறட்சியில் எல்லா மந்தைகளுக்கும் தீவனமாகும்.