எந்த அருமண்ணைத் தேர்ந்தெடுப்பது?

இரும்பு மீக்கடத்திகளில் ஆய்வு தொடங்கும் மாணவர்கள் முதலில் தேடுவது மாறுநிலை வெப்பநிலைப் பட்டியலைத்தான். லாந்தனத்துக்கு 26 கெல்வின், சமாரியத்துக்கு 55 கெல்வின் என்று பார்த்ததும் சமாரியமே மேல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். தனிமம் தானாக முடிவாகிவிடும்.

2008இல் ஜப்பானின் ஹிதேயோ ஹொசோனோ குழு லாந்தனம், இரும்பு, ஆர்சனிக், ஆக்சிஜன் நான்கும் சேர்ந்த சேர்மத்தில் ஆக்சிஜனில் ஒரு பங்கை ஃப்ளூரினாக மாற்றி அந்த 26 கெல்வினை எட்டியது. ஃப்ளூரின் சேராத தாய்ச் சேர்மம் மீக்கடத்தி அல்ல. அதைக் குளிர்வித்தால் சுமார் 155 கெல்வினில் படிக வடிவம் மாறும். 137 கெல்வினில் இரும்பின் காந்தத் திருப்புத்திறன்கள் எதிரெதிராக அணிவகுக்கும். ஃப்ளூரின் தரும் கூடுதல் எலக்ட்ரான்கள் அந்த அணிவகுப்பைக் குலைத்த பிறகே மீக்கடத்தல் தலைகாட்டும். இரும்பு அடுக்கில் நடப்பதை மட்டும் அறிய விரும்புகிறவருக்கு லாந்தனமே சரி. அதன் 4எஃப் கூடு காலி. ஆகவே தெரிகிற காந்தமெல்லாம் இரும்பினுடையதே. பெரிய ஒற்றைப் படிகம் வேண்டுமென்றால் அருமண்ணை விட்டு, 122 குடும்பத்துப் பேரியம் சேர்மத்துக்கு (பேரியம், இரும்பு, ஆர்சனிக் 1:2:2 விகிதத்தில் சேர்ந்தது) போய்விடுங்கள்.

சமாரிய அயனி சிறியது. அதனால் அணிக்கோவை சுருங்கி, இரும்பைச் சூழ்ந்த ஆர்சனிக் நான்முகி ஏறக்குறைய ஒழுங்கான வடிவத்துக்கு வருகிறது. 55 கெல்வினுக்கு இது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. உயர்ந்த வெப்பநிலையும் வலிய காந்தப்புலத்தைத் தாங்கும் திறனும்தான் குறிக்கோள் என்றால் சமாரியத்தை எடுங்கள். நியூட்ரான் சிதறலுக்கு மட்டும் வேண்டாம். இயற்கைச் சமாரியம் நியூட்ரான்களை விழுங்கிவிடும்; அங்கே சீரியமோ நியோடிமியமோதான் உதவும். சீரியத்தின் சொந்தத் திருப்புத்திறன் தாய்ச் சேர்மத்தில் சுமார் 4 கெல்வினில் ஒழுங்காவதையும் கூடவே பார்க்கலாம்.

என் தேர்வைக் கேட்டால் யூரோப்பியம் என்பேன். ஏழு 4எஃப் எலக்ட்ரான்களும் ஒரே திசையில் சுழல்வதால் அதன் காந்தம் மிகப் பெரியது. யூரோப்பியம் 122 சேர்மத்தில் இரும்பு 190 கெல்வினிலும் யூரோப்பியம் 19 கெல்வினிலும் ஒழுங்காகின்றன. ஆர்சனிக்கில் ஒரு பகுதியைப் பாஸ்பரஸாக மாற்றினால் சுமார் 26 கெல்வினில் மீக்கடத்தல் வருகிறது. 20 கெல்வினுக்கு அருகில் ஃபெர்ரோ காந்தமும் வந்து சேர்கிறது. ஒன்றையொன்று அழிக்கும் என்று நாம் படித்த இரண்டும் ஒரே படிகத்தில் குடியிருக்கின்றன! எந்த மாற்றீடும் இல்லாமலே இதைக் காண ரூபிடியமும் யூரோப்பியமும் சேர்ந்த சேர்மம் இருக்கிறது: 36 கெல்வினில் மீக்கடத்தல், 15 கெல்வினில் யூரோப்பிய ஒழுங்கு.

எதைத் தேர்ந்தாலும் காந்த ஏற்புத்திறன் வரைபடத்தில் 70 கெல்வின் அருகே கூர்ந்து பாருங்கள். அங்கே சிறு மேடு தெரிந்தால் இரும்பு ஆர்சனைடு எஞ்சியிருக்கலாம். யூரோப்பியம் மாதிரி என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு: யூரோப்பியம் ஆக்சைடு 69 கெல்வினில் ஃபெர்ரோ காந்தமாகும். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு வரைபடத்தை எடுத்துப் பார்க்காமல் அந்த மேட்டைப் புதுக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

ஆர்சனிக் கொடிய நஞ்சு. சுமார் 615 டிகிரி செல்சியஸில் பதங்கமாகி, மூடிய குவார்ட்ஸ் குழாயை வெடிக்க வைக்கக்கூடியது. ஆர்கான் கையுறைப் பெட்டியும் நல்ல புகைபோக்கியும் இல்லாத ஆய்வகத்தில் இவற்றைத் தயாரிக்க இறங்காதீர்கள்; படிகம் வளர்க்கும் குழுவிடம் கேட்டு வாங்கி அளவிடுங்கள்.