அறிவிப்பு வருமுன்

அன்புள்ள தங்கைக்கு,

நியூஜெர்சியில் உன் நடனப் பள்ளியை லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்து, வரிவிலக்குக்கான 501(சி)(3) கடிதமும் கைக்கு வந்துவிட்டதில் மகிழ்ச்சி. அடுத்த முறை அரசு ஊக்க நிதி அறிவித்தால் எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறாய். அறிவித்த பிறகு தேடுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லையம்மா.

2009இல் ஒபாமா கையெழுத்திட்ட ஊக்கச் சட்டத்தில் தேசியக் கலை நிதியத்துக்கு 5 கோடி டாலர் வந்தது. 2020 கோவிட் சட்டத்தில் 7.5 கோடி. இரண்டு முறையும், முந்தைய நான்கு ஆண்டுகளுக்குள் நிதியத்திடம் மானியம் வாங்கியிருந்த குழுக்கள்தான் அதனிடம் நேரடியாக விண்ணப்பிக்க முடிந்தது. 2021இல் வந்த 13.5 கோடியில்தான் புதியவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அவசரத்தில் புதுமுகங்களை விசாரித்துக்கொண்டிருக்க அதிகாரிகளுக்கு ஏது நேரம்?

ஆனால் மூன்று முறையும் 40 விழுக்காடு மாநில, வட்டாரக் கலை அமைப்புகளுக்குப் போனது. உன் மாநிலத்தில் கலை மன்றத்தின் பணம் கவுண்ட்டி வழியாகவும் சின்னக் குழுக்களுக்கு வருகிறது. ஆகவே வாஷிங்டனை அண்ணாந்து பார்க்காமல் கவுண்ட்டி அலுவலகத்துக்குப் போ. சின்னத் தொகையாக ஒன்று கேட்டு வாங்கி, கணக்கை ஒழுங்காக ஒப்படை. பணத்தைவிட அங்கே உன் பெயரில் ஒரு கோப்பு இருப்பதுதான் முக்கியம்.

ஃபெடரல் பணத்தை நேரடியாகக் கேட்க சாம்.கவ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒரு பத்திரத்தில் பள்ளிப் பெயரோடு 'இன்க்' இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் அதற்கே வாரக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 'அரசின் இலவச மானியம் வாங்கித் தருகிறோம்' என்று முன்பணம் கேட்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள்.

இன்னொன்று, நம் ஆட்கள் சறுக்கும் இடம். நிகழ்ச்சி முடிந்ததும் நட்டுவாங்கம் செய்தவருக்கும் மிருதங்கக்காரருக்கும் வெற்றிலை பாக்குத் தட்டில் கவர் வைத்துக் கொடுக்கிறோம். மரியாதைதான். ஆனால் ஊக்க நிதி தருவது வேலைகளைக் காப்பாற்ற. 2009இல் ஊழியர் சம்பளத்தோடு கலைஞர்களின் ஒப்பந்தக் கட்டணத்துக்கும் அந்தப் பணத்தைச் செலவிட அனுமதி இருந்தது. அந்த வேலை இருந்தது என்பதற்கே காகிதம் இல்லாதவர் எதைக் காட்டிக் கேட்பார்? தட்டைத் தாராளமாகக் கொடு, கவருக்குள் காசோலையை வை, ரசீது வாங்கிக்கொள்.

கிடைத்தாலும் அது ஒருமுறைப் பணம். அதை நம்பிப் பெரிய கூடத்துக்கு வாடகை ஒப்பந்தம் போட்டுவிடாதே. வழக்கமான மானியமே நிரந்தரமில்லை. 2025 மே மாதம் நூற்றுக்கணக்கான குழுக்களுக்கு, ஒதுக்கிய மானியத்தை ரத்து செய்வதாக நிதியத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

கடைசியாக, ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் அமைப்புகள் 990-என் படிவத்தை இணையத்தில் போட்டால் போதும். வரவு குறைவுதானே என்று மூன்று ஆண்டு தொடர்ந்து போடாமல் விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். உன் பள்ளிக்குக் கெடு எந்தத் தேதி என்று இன்றைக்கே கணக்காளரைக் கேள்.

அன்புடன்,
அக்கா