ரெய்டு இருந்தால் போதுமா?

மாலையில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் நாலு பேர் ஒரே சர்வரில் வீடியோ எடிட்டிங் செய்கிறோம். அதில் 2 டி.பி. எஸ்.எஸ்.டி. நான்கை ரெய்டு 5 முறையில் இணைத்திருக்கிறோம். ஒன்றின் அளவு பாரிட்டி எனும் மீட்புக் கணக்குக்குப் போக, 6 டி.பி. மிச்சம். ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றை வைத்து டேட்டாவை மீட்கலாம்.

இனி பயமில்லைன்னு இருந்தேன். ஒருநாள் கைதவறி ஒரு கல்யாண ஃபோல்டரையே அழித்துவிட்டேன். ரெய்டு என்ன செய்யும்? அழி என்றால் நாலிலும் அழிக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்க வாய்ப்புண்டு, எஸ்.எஸ்.டி.யில் டிரிம் ஓடிவிட்டால் அநேகமாகக் கிடைக்காது. நல்லவேளை, முதலாளி தனி ஹார்ட் டிஸ்கில் நகல் வைத்திருந்தார்.

தாலி கட்டுவதை மறுபடி படம் பிடிக்க முடியுமா? ரெய்டு வேறு, பேக்கப் வேறு. தினமும் தனி டிஸ்கில் நகல் எடுத்து, கழற்றி வையுங்கள்.