முதலில் தாழ்ந்த குரலைத் தேடுங்கள்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் பெண்கள் சேர்ந்து பாடாத ஊர் கிடையாது. ஓணத்துக்குத் திருவாதிரைக்களி, சபையில் பாடகர் குழு, அம்பலத்தில் பஜனை, குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களின் ஆண்டு விழாவில் குழுப்பாட்டு. ஆனால் பெரும்பாலும் பத்துப் பேர் பாடினாலும் மெட்டு ஒன்றுதான். அந்த மெட்டின் உயரத்துக்கு எட்டாத குரல்காரி, “நான் வாய் தொறந்தா ஆம்பிளைச் சத்தம்லா வரும் சேச்சி” என்று சொல்லிக் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பாள்.

பார்பர்ஷாப் என்ற பாட்டு முறையில் அந்தக் கடைசி வரிசைப் பெண்தான் அடித்தளம். அவள் இல்லாமல் குழு இல்லை. கேரள-தமிழ்நாடு எல்லை ஊர்களில் அப்படி ஒரு பெண்கள் குழுவைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி.

இது என்ன பாட்டு?

அமெரிக்காவில் முடிதிருத்தும் கடைகளில் முறைக்குக் காத்திருந்த கறுப்பின ஆண்கள், வாத்தியம் எதுவும் இல்லாமல் குரலோடு குரல் இழைத்துப் பாடிய வழக்கத்திலிருந்து வளர்ந்தது இது. முடிதிருத்தும் தொழிலுக்கும் இசைக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. நாயனமும் தவிலும் வாசித்தவர்களில் அந்தச் சமூகத்தார் எத்தனையோ பேர்.

1938-ல் ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் இந்தப் பாட்டுக்கென ஆண்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அதில் பெண்களுக்கு இடமில்லை. 1945 ஜூலையில் அதே ஊரில் எட்னா மே ஆண்டர்சன் என்ற பெண்மணி ‘ஸ்வீட் அடலைன்ஸ்’ என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அது இன்று பல நாடுகளில் கிளை விட்டிருக்கிறது. ஆண்கள் சங்கம் பெண்களை முழு உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது 2018-ல்தான்.

பாட்டில் நான்கு குரல்கள். மெட்டைப் பாடுவது லீட். அதற்கு மேலே மெல்லிய இழையாக ஓடுவது டெனர். அடியில் நின்று தாங்குவது பேஸ். மூன்றுக்கும் இடையில் விட்டுப்போன சுரத்தைப் பிடித்து அடைப்பது பாரிடோன். ஆண்குரல்களின் பெயர்கள்தான், பெண்கள் குழுக்களும் அவற்றையே வைத்துக்கொண்டன. வாத்தியமில்லாமல் குரல்களே பாட்டை எப்படிச் சுமக்கும் என்று கேட்பவர்களுக்கு, 1993-ல் வந்த ‘திருடா திருடா’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘ராசாத்தி’ பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். அது பார்பர்ஷாப் அல்ல, ஆனாலும் விஷயம் புரிந்துவிடும்.

1. ஆள் சேர்ப்பு

1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் ஒவ்வொன்றிலும் 10 முதல் 20 பெண்கள் இருக்கிறார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மகளிர் சுயஉதவிக் குழுக்கள். வாரக்கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். “நல்லாப் பாடுகிறவர்கள் வாருங்கள்” என்று அழைத்தால், ஏற்கெனவே மேடை ஏறியவர்கள்தான் வருவார்கள். “உன் குரல் கட்டை என்று யாராவது சொல்லியிருந்தால் நீ கட்டாயம் வா” என்று அழையுங்கள்.

தொடங்கப் பன்னிரண்டு பேர் போதும், இருபது பேர் இருந்தால் நல்லது. இருபதில் ஏழு பேர் லீட், ஏழு பேர் பேஸ், நான்கு பேர் பாரிடோன், இரண்டு பேர் டெனர் என்பது ஒரு நல்ல கணக்கு. கோபுரம் போல அடி அகலமாகவும் உச்சி ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும். வழக்கமான குழுவில் உச்சக்குரல்தான் ராணி. இங்கே அவள் சத்தம் கூட்டினால் கோபுரம் தலைகீழாகிவிடும்.

2. குரல் பிரிப்பு

தேர்வு என்று பெயர் வைத்துப் பயமுறுத்த வேண்டாம். வந்தவர்களைத் தங்களுக்குத் தெரிந்த தாலாட்டு ஒன்றைத் தாங்களே எடுக்கும் சுருதியில் பாடச் சொல்லுங்கள். குரல் வசதியாக உட்காரும் இடம் அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு சுருதிப்பெட்டியை 5 கட்டையில் வையுங்கள். செல்போன் செயலியே போதும். அங்கிருந்து கீழே இறங்கி, மந்திர தைவதத்தைத் தொண்டையை அழுத்தாமல் தொடுகிறவர் பேஸ். நடு ஸ்தாயியில் தெளிவாக, நேராகப் பாடுகிறவர் லீட். மேல் ஷட்ஜத்தைத் தாண்டியும் கத்தாமல் மெல்லப் பாடுகிறவர் டெனர். பக்கத்தில் யார் எதைப் பாடினாலும் தன் சுரத்தை விடாத பிடிவாதக்காரி பாரிடோன். மூன்று மாதம் கழித்து ஒருமுறை மறுபடி பாருங்கள், பயம் தெளிந்தபின் குரல் இடம் மாறும்.

3. இடமும் நேரமும்

கிராமத்து வாயனசாலையை, அதாவது நூலகத்தை, கேளுங்கள். டல்சாவில் பெண்கள் கூடிய அதே 1945-ன் செப்டம்பரில்தான் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கினார். அந்த இயக்கத்தின் அறைகள் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கோயில் மண்டபமும் பாரிஷ் ஹாலும் கிடைக்கும்தான். ஆனால் எல்லா மதத்துப் பெண்களும் தயங்காமல் படியேறும் பொது இடம் வாயனசாலை. ஓடு போட்ட அறை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரையின் கீழ் மழை வந்தால் அன்றைய பயிற்சி அவ்வளவுதான்.

ஞாயிறு ஆராதனைக்கும் அயல்கூட்டத்துக்கும் போய்விடும். சனிக்கிழமை மூன்று முதல் ஐந்து மணி வரை வையுங்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அமரவிளைக்காரியும் காரோட்டுக்காரியும் பஸ் பிடித்து வீடு சேர வேண்டும். நேரம் தவறினால் குழு உடையும். அடுத்த வாரம் வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

4. பாட்டுக்கு முன் காது

முதல் நான்கு வாரம் பாட்டே வேண்டாம். இந்த ஒரு பயிற்சி போதும்.

எல்லோரும் வட்டமாக நில்லுங்கள். சுருதி 5 கட்டை. பேஸ் பெண்கள் ‘ஊ’ என்று ஷட்ஜம் பிடிக்கட்டும். அது அசையாமல் நின்றபின் லீட் பஞ்சமம். இரண்டும் ஒட்டியபின் பாரிடோன் அந்தர காந்தாரம். கடைசியில் டெனர், மெல்லியதாகக் கைசிகி நிஷாதம். இந்த நிஷாதத்தை நாம் வழக்கமாகப் பாடுவதைவிட ஒரு நூல் கீழே இறக்க வேண்டும். ஒரு நொடியில், அங்கே யாருமே பாடாத ஒரு சுரம் தலைக்கு மேலே மணி அடித்ததுபோல ஒலிக்கும். பார்பர்ஷாப்காரர்கள் உயிரை விடுவது அந்த மணிக்குத்தான்.

இது மாயமல்ல. நல்ல தம்புராவில் காந்தாரம் பேசும் என்று வித்வான்கள் சொல்வார்கள். எந்தத் தந்தியிலும் காந்தாரம் கட்டியிருக்காது, ஷட்ஜத் தந்தியின் அதிர்வுக்குள்ளிருந்தே அது எழும். நான்கு குரல்களின் அதிர்வெண்களும் 4, 5, 6, 7 என்ற விகிதத்தில் அமைந்தால் அதே சங்கதிதான் நடக்கிறது.

அதனால் பயிற்சிக்குக் கீபோர்டு வைக்காதீர்கள். அதன் காந்தாரம் இயற்கைக் காந்தாரத்தைவிட, ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் சுமார் 14 பங்கு கூடுதல். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு மணி ஒலிக்காது. ஆர்மோனியத்துக்கும் இதே கதைதான். சுருதிப்பெட்டியில் ஷட்ஜம் மட்டும் ஓடட்டும், மற்றதைக் காது தேடிக்கொள்ளும்.

5. எந்தப் பாட்டு?

கமகம்தான் இங்கே முதல் தடை. நான்கு பேரும் நான்கு விதமாகச் சுரத்தை ஆட்டினால் மணி எங்கே ஒலிக்கும்? நேர்ச்சுரத்தில் நிற்கும் பாட்டுகளை எடுங்கள். தோடியும் பைரவியும் இந்தக் குழுவுக்கு ஆகாது. சங்கராபரணம், அரிகாம்போதி, மோகனம் நல்ல வயல்கள். அரிகாம்போதியில் கைசிகி நிஷாதமும் இருப்பதால் மேலே சொன்ன நான்கு சுரக் கூட்டு அதிலேயே கிடைத்துவிடும்.

முதல் பாட்டுக்கு இரயிம்மன் தம்பியின் ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ தாலாட்டைவிடப் பொருத்தமானது இல்லை. எல்லா வீட்டிலும் தெரியும், மெல்ல நடக்கும். குறிஞ்சியிலோ நவரோஜிலோ பாடுவார்கள், இரண்டும் சங்கராபரணத்தின் பிள்ளைகள். அடுத்து முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். வெள்ளைக்காரர் பேண்டு மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத வரிகள் எழுதியவை, கமகம் இல்லாதவை. பக்கத்துத் திருப்புறத்தில் 1847-ல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியாரின் மலையாளக் கீர்த்தனைகளும் பாரதியார் பாட்டுகளும் உண்டு. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்தவை என்பதால் இந்த வரிகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பின்னாளில் வேறொருவர் போட்ட மெட்டை எடுத்தால் மட்டும், அந்த மெட்டுக்காரரின் உரிமையைத் தனியாகப் பார்க்க வேண்டும். சினிமாப் பாட்டை நான்கு குரலுக்கு மாற்றி மேடையேற்றுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

6. இரண்டு மொழி, ஒரே வாய்

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர, பேச்சில் விழவில்லை. ஒரே குழுவில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசியவள், இரண்டும் கலந்து பேசுகிறவள் எல்லோரும் இருப்பார்கள். வரிகளை இரண்டு எழுத்திலும் அச்சடித்துக் கொடுங்கள்.

உயிரெழுத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘பாட்டு’ என்ற சொல்லின் கடைசி உகரத்தை ஒருத்தி உதடு குவித்துச் சொல்வாள், இன்னொருத்தி பல்லைக் காட்டிச் சொல்வாள். தனியாகக் கேட்டால் இரண்டும் சரி. சேர்ந்து பாடும்போது சுருதி சரியாக இருந்தும் கூட்டு மங்கிவிடும். நீட்டிப் பிடிக்கும் ஒவ்வோர் இடத்திலும் வாயை எவ்வளவு திறப்பது என்று முடிவுசெய்து, தாளில் குறித்துவிடுங்கள்.

7. பாடம் ஏற்றுதல்

மேற்கத்தியக் குறியீடு தெரிந்தவர் ஒருவர் சபைப் பாடகர் குழுவிலிருந்து கிடைத்தால் பாட்டை நான்காகப் பிரித்துத் தருவார். மற்றவர்களுக்கு ஸ ரி க ம போதும். நான்கு வரிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிவுசெய்து அந்தந்தக் குரல்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். ரப்பர் பால் எடுக்கப் போகும்போதும் தொழிலுறுதி வேலைக்கு நடக்கும்போதும் கேட்டுக்கொண்டே போகட்டும். மனப்பாடம் வீட்டில், இழைப்பது சனிக்கிழமை. இதைக் கலந்தால் இரண்டு மணி நேரமும் வரி சொல்லிக் கொடுப்பதிலேயே போய்விடும்.

இந்திய மொழிப் பாட்டைப் பல குரலில் பாடினால் எப்படி இருக்கும் என்று நேரில் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மெட்ராஸ் யூத் கொயர் மூலம் அந்த வழியைப் போட்ட எம்.பி. சீனிவாசனின் பெயரில் திருவனந்தபுரத்திலும் ஒரு கொயர் இருக்கிறது.

8. மேடை

முதல் மேடை சிறியதாக இருக்கட்டும். வாயனசாலை ஆண்டுவிழா, ஓணக் கொண்டாட்டம், கிறிஸ்துமஸ் மாலை எதுவானாலும் சரி. இரண்டு பாட்டு, எட்டு நிமிடம், அவ்வளவுதான்.

மைக் செட் அண்ணனிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆளுக்கொரு மைக் வேண்டாம், நான்கடி தள்ளி இரண்டு மைக் போதும். எக்கோவை முழுக்க எடுத்துவிடச் சொல்லுங்கள். “எக்கோ இல்லாமப் பாட்டு எடுக்காது” என்பார். ஒருமுறை நான்கு குரலையும் அவருக்குப் பாடிக் காட்டுங்கள், அவரே குறைப்பார்.

பிறை வடிவில் நின்று, பேஸ் குரல்களை நடுவில் வையுங்கள். எல்லோரும் பாலராமபுரம் கைத்தறிப் புடவை, குரலுக்கு ஒரு நிறத்தில் ரவிக்கை. எந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறவர்களுக்கும் விளங்கும்.

9. கணக்கும் வளர்ச்சியும்

மாதம் ஆளுக்கு ஐம்பதோ நூறோ சந்தா வைத்து, வரவுசெலவை அயல்கூட்டம் போலவே நோட்டில் எழுதி வாசியுங்கள். ஓராண்டு தாண்டியபின் பதிவுசெய்தால் போதும். கேரளப் பக்கம் 1955-ன் திருவிதாங்கூர்-கொச்சி சங்கப் பதிவுச் சட்டம், தமிழ்நாட்டுப் பக்கம் 1975-ன் சங்கங்கள் பதிவுச் சட்டம். இரண்டிலும் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அலுவலக முகவரி எந்தப் பக்கமோ அந்தச் சட்டம்.

இருபது பேர் நாற்பதாவது மட்டுமே வளர்ச்சி ஆகாது. குழுவுக்குள்ளிருந்து நான்கு பேர் தனியாக நின்று, குரலுக்கு ஒருத்தியாகப் பாடத் துணிவதே இந்தக் கலையில் வளர்ச்சி. இரண்டாம் ஆண்டில் அப்படி மூன்று நால்வர் அணிகள் கிளம்பினால், செங்கலிலும் தனுவச்சபுரத்திலும் கொல்லங்கோட்டிலும் அடுத்த குழுக்களுக்கு ஆசிரியைகள் தயார்.

பாறசாலையில் 1924-ல் பிறந்த பாடகி பி. பொன்னம்மாள், திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. பத்மநாபசுவாமி கோயில் நவராத்திரி மண்டபத்தில் ஒரு பெண் பாடலாம் என்று கதவு திறந்தது 2006-ல். அங்கே பாடிய முதல் பெண்ணான அவருக்கு அப்போது வயது 81.

உங்கள் ஊர்க் கடைசி வரிசைப் பெண்ணை அவ்வளவு காலம் காக்க வைக்காதீர்கள். வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் வீட்டு முற்றத்தில் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவளை ஷட்ஜம் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பஞ்சமம் எடுங்கள்.